ஆறாம் மாதத்தில் ஊருக்குப் போய் ஆஸ்பத்திரி பார்த்த கதை

கர்ப்பமாக இருக்கும்போது ஒரு நடை ஊருக்குப் போய்வர நினைக்காத இங்கிலாந்துத் தமிழச்சி யார்? 24ஆவது வாரத்தில் நானும் போனேன். நடுவில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. ஊரில் இப்போது என்ன கிடைக்கிறது, எதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என் நிலவரம். ரத்த வகை ஓ நெகட்டிவ். லண்டனில் 20ஆவது வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலும் மேலே ஏறிவிடும், 32ஆவது வாரத்தில் மறுபடி பார்ப்போம், பயணம் செய்யலாம், ரத்தம் பட்டால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அம்மா வீடு. ஒரு ராத்திரி பாத்ரூம் போனபோது புடவையெல்லாம் ரத்தம். வலி துளிகூட இல்லை. நஞ்சு கீழே இருந்தால் இப்படித்தான் வலியில்லாமல் படும் என்று படித்திருந்தேன், ஆனாலும் கால் நடுங்கியது. அம்மா, "கார் வேணாம், 108க்கு அடி" என்று தம்பியிடம் சொன்னார். போனை எடுத்தவர் எத்தனை மாசம், ரத்தம் எவ்வளவு, குழந்தை அசைவு தெரிகிறதா, வீட்டுக்கு அடையாளம் என்ன என்று வரிசையாகக் கேட்டார். 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஆம்புலன்ஸ் சேவை இது. அப்போது நான் ஊரில்தான் இருந்தேன், ஏறிப் பார்க்கும் தேவை வந்ததில்லை. வண்டியில் வந்த பையன் என்னை இடதுபக்கமாகப் படுக்க வைத்தான், பிரஷர் பார்த்தான், கையில் ஊசி போட்டு டிரிப் ஏற்றினான். "அக்கா, நாப்கின் மாத்தினா தூக்கிப் போட்டுடாதீங்க, டாக்டர் பாக்கணும்" என்றான். எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்கத்தான். காசு எதுவும் கேட்கவில்லை.

பக்கத்து நர்சிங் ஹோமில் முதலில் இறக்கினார்கள். பெயர் வேண்டாம். சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, "காலை மடக்கும்மா, உள்ள பாத்துடலாம்" என்றார். நான் படுத்தபடியே கத்தினேன்: "நஞ்சு கீழ இருக்கு, ஸ்கேன் பாக்காம கை வைக்காதீங்க." நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் விரல் பட்டே பெரிய ரத்தப்போக்கு வந்துவிடலாம். அதனால் ஸ்கேனில் இடம் தெரியும்வரை உள்ளே பரிசோதனை கூடாது என்பது எந்த நாட்டிலும் விதி. டூட்டி டாக்டர் வந்து, ஆமாம், சரிதான் என்றார். பிறகு தங்களிடம் ரத்த வங்கியும் இல்லை, குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் பிரிவும் இல்லை, தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அனுப்பியது சரியான முடிவு. அந்தச் சிஸ்டர் மட்டும் கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தோம். வேகத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். படுக்கை கிடைத்த கையோடு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் முடிந்தது. ஸ்கேனுக்கு முன் எஃப் படிவம் நிரப்பணும். கருவில் ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு அது. முகவரி, ஏற்கெனவே எத்தனை குழந்தை, ஆணா பெண்ணா எல்லாம் கேட்பார்கள். பாஸ்போர்ட் நகல் கைவசம் இருக்கட்டும். லண்டன் ஸ்கேனிலேயே என்ன குழந்தை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த அறையில் அந்தப் பேச்சே வேண்டாம்.

நஞ்சுக்கொடி ஓரம்தான், வாயை முழுசாக மூடவில்லை, குழந்தை துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். இதை என்னிடம் சொல்லவில்லை. "பேஷன்ட் கூட யாரு?" என்று கேட்டு அம்மாவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். ஆறு மாதக் குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு கதவிடுக்கில் அம்மா முகத்தைப் படித்துக்கொண்டிருப்பது பெரிய கொடுமை. அடுத்த ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரிடம், "என்கிட்டயே சொல்லுங்க மேடம், பயப்பட மாட்டேன்" என்றேன். சிரித்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தில் படம் வரைந்தே விளக்கினார். கேட்டால் சொல்கிறார்கள், கேட்கணும்.

அடுத்தது ஆன்டி-டி ஊசி. நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்களுக்கு ரத்தம் பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். போடாவிட்டால், குழந்தை ரத்தம் பாசிட்டிவாக இருக்கும்போது அதற்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம், அடுத்த கர்ப்பத்தில் அது வினையாகும். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஸ்டாக் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதித் தம்பி கையில் கொடுத்துவிட்டார்கள். ஊரில் இதுதான் நடைமுறை, மருந்துக்கு ஓடுவது கூட வந்தவர் வேலை. 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்து. தம்பி மெடிக்கல் மெடிக்கலாக அலைந்து, ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியை டூ வீலரில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். புட்டியில் 300 மைக்ரோகிராம் என்று இருந்தது. லண்டன் மிட்வைஃப் (கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவிலியர்) போனில், "1500 யூனிட் போட்டார்களா?" என்றார். இரண்டும் ஒரே அளவுதான், குழம்ப வேண்டாம்.

ரத்தம் நின்றபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். "கட்டிலை விட்டே இறங்கக் கூடாது" என்று ஊரில், "பாரம் தூக்காதே, நடக்கலாம்" என்று லண்டனில். நான் லண்டன் பேச்சைக் கேட்டேன். கர்ப்பத்தில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு, அதற்கு மேல் நீண்ட விமானப் பயணமும் இருந்தது. அம்மாவுக்கு இன்னும் கோபம்.

விஷயம் கேள்விப்பட்டு கிராமச் செவிலியர் வீட்டுக்கே வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. பிரஷர் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "இங்கதான் பிரசவமா? அப்படின்னா பிக்மி நம்பர் போட்டுடலாம்" என்றார். பிக்மி என்பது கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசு ஏற்பாடு. தமிழ்நாட்டில் பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் இந்தப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும்.

மறு ஸ்கேனில் நஞ்சுக்கொடி வாயிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போயிருந்தது. 28 வாரம் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். எத்தனை வாரம், பிரசவத் தேதி, ஒற்றைக் குழந்தை, ரத்தப்போக்கு நின்றுவிட்டது, பறக்கலாம் என்று லெட்டர்பேடில் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டேன்.

காப்பீடு தனிக் கதை. ஆஸ்பத்திரியில் நாங்கள்தான் கட்டினோம், பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் திரும்பி வந்து அனுப்பினோம். படுக்கை, ஸ்கேன் பணம் வந்துவிட்டது. ஆன்டி-டி ஊசிக்கு மட்டும் துண்டுச் சீட்டெல்லாம் மருந்துச் சீட்டாகாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லித் தம்பி மறுபடி தஞ்சாவூர் போயிருக்கிறான்.