பழைய விமானமும் சாகச விமானமும்: ராமநாதபுரத்திலிருந்து எங்கே போகலாம்?

உச்சிப்புளிப் பக்கம் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. 2009-ல் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளமானதிலிருந்து டார்னியர் விமானமும் சேத்தக் ஹெலிகாப்டரும் தலைக்கு மேலே போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அது ராணுவ இடம், நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. பழைய விமானத்தைக் கிட்டே நின்று பார்க்கவோ, சாகச நிகழ்ச்சியை ரசிக்கவோ வேண்டுமென்றால் ஊரைவிட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். பெங்களூரு, விசாகப்பட்டினம், கோவா, சென்னை மெரினா ஆகிய நான்கையும் நம் கடற்கரைக் கணக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் காலம். விசைப்படகுத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வரும். அருங்காட்சியகத்துக்கு இதைவிடத் தோதான நேரம் இல்லை. சாகச நிகழ்ச்சிகள் நம் வசதிக்கு வராது. பெங்களூரில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி பிப்ரவரியில் வரும். கடலில் தொழில் ஓடும் நேரம், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நெருக்கம். அதனால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் பெங்களூரு அருங்காட்சியகம்தான் என் முதல் தேர்வு. பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது. மதுரைக்குப் போனால் அங்கிருந்து வந்தே பாரத் உண்டு, இரவுப் பேருந்தும் உண்டு. எச்.டி-2 பயிற்சி விமானம், கிரண், அஜீத், மிக்-21 என்று வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது எச்.ஏ.எல். செய்த மாருத் போர் விமானம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குப் போர் விமானங்கள் வடிவமைத்த குர்ட் டாங்க் இங்கே வந்து, நம் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது. 1961 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது. 1971 போரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாப் பக்கம் சண்டையும் போட்டது. கூர்மையான மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, விலாவின் இரு பக்கமும் காற்று இழுக்கும் வாய். பார்த்தாலே ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும் உடம்பு என்று தெரியும். ஆனால் அந்த உடம்புக்கு ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களை வைத்தே ஓட்டினார்கள். நினைத்த வேகம் கடைசிவரை கைகூடவில்லை.

மாருத்தைப் பார்த்த கையோடு எஞ்சின் கூடத்துக்குப் போங்கள். உள்ளே காற்று எங்கே நசுக்கப்படுகிறது, எங்கே எரிகிறது, சுழலி எப்படிச் சுற்றுகிறது என்பதை அங்கே பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டலாம். நம் நாட்டிலேயே செய்யும் தேஜஸ் போர் விமானம் இன்றும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது என்பதையும் அங்கே வைத்தே சொல்லுங்கள். சென்னை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம் விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டப் பழகியது இதே எச்.ஏ.எல்.லில்தான். அவருடைய பேய்க்கரும்பு நினைவிடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாத வீடு நம் பக்கம் குறைவு. அதற்கு அடுத்த படி இந்தக் கூடம் என்று உறுதியாக நம்புகிறேன்.

விசாகப்பட்டினம் வேறு ரகம். அங்கே இருப்பது ஒரே விமானம்: கடற்படையின் டி.யு-142. ஆனால் அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்து போகலாம். நீளம் 50 மீட்டருக்கும் மேல். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி 29 வருடம் பறந்துவிட்டு, 2017 மார்ச்சில் நம் அரக்கோணத்தில் ஓய்வுபெற்ற விமானம் இது. அதே வருடக் கடைசியில் ராமகிருஷ்ணா கடற்கரையில் காட்சிக்கு வந்தது. சாலையைத் தாண்டினால் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். தேடியதையும் தேடப்பட்டதையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பெங்களூரைவிட இதுவே மேல். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதை அவர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். வசதியும் ஒன்று உண்டு: ராமேஸ்வரம்–புவனேஸ்வர் வாராந்திர ரயில் ராமநாதபுரத்திலேயே ஏறி நேராக இறங்க விடும். திரும்பச் சென்னை வழியாக வந்துகொள்ளலாம். திங்கட்கிழமை பார்க்கப் போகாதீர்கள், அன்று விடுமுறை.

கோவா கடற்படை விமான அருங்காட்சியகம் விமானப் பித்து உள்ளவர்களுக்கு. டபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 1971 போரில் சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது குண்டுபோடப் போன சீ ஹாக், அலிசே இரண்டு ரகமும் இருக்கின்றன. வாலில் மூன்று துடுப்பு வைத்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானமும் உண்டு. வெட்டவெளியில், கடல் காற்றில் நிற்பவை. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பிறந்தால் அங்கே மழை கொட்டும், மே மாதத்துக்குள் போய்விட வேண்டும். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போன்ற உலகப் போர் விமானங்கள்தான் வேண்டும் என்பவர்களுக்கு டெல்லியில் பாலம் என்ற இடத்தில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகம்; இந்த ஒரு காரணத்துக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன்.

சரி, பறப்பதைப் பார்க்க? ஏரோ இந்தியா 1996 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எலகங்கா விமானப்படைத் தளத்தில் நடக்கிறது. 2025-ல் அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சு-57 இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. கடைசி நாட்கள்தான் பொதுமக்களுக்கு. பறப்பதை மட்டும் பார்க்கும் பகுதிக்குத் தனி டிக்கெட் விற்பார்கள். குடும்பத்துக்கு அதுவே போதும். தளவாடக் கம்பெனிகளின் கூடங்களைச் சுற்றக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். எலகங்கா ஊரின் வட கோடி, எச்.ஏ.எல். கிழக்கே. ஒரே நாளில் இரண்டையும் வைத்தால் டிராஃபிக்கிலேயே பொழுது போய்விடும். சாகச நேரத்தில் பெங்களூரு விமான நிலையத்தையும் மூடுவார்கள், விமானத்தில் போகிறவர்கள் நேரம் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

சென்னை மெரினா இலவசம், ஆனால் விமானப்படை தினம் எந்த வருடம் எந்த ஊருக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. 2024 அக்டோபர் 6-ல் ரஃபேல், தேஜஸ் மட்டுமல்ல, பழைய டகோட்டாவும் ஹார்வர்டும் மெரினா மேல் பறந்தன. பழைய விமானம் பறப்பதைத் தமிழ்நாட்டிலேயே பார்ப்பது அபூர்வம். அதே நாளில் வெயிலும் நெரிசலும் சேர்ந்து ஐந்து உயிர்கள் போயின. காலை 11 மணிக்குத் தொடங்கி உச்சிவெயிலில் முடிந்த நிகழ்ச்சி. மணலில் நிழல் இல்லை. மறுபடி இங்கே வந்தால் நிகழ்ச்சி நாளுக்குப் போகாதீர்கள். அதற்கு முந்தைய நாட்களில் ஒத்திகை நடக்கும். விமானங்கள் கிட்டத்தட்ட அதேதான், கூட்டம் எவ்வளவோ குறைவு. இரவு ரயிலில் ஏறினால் காலையில் சென்னை. குடையும் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கடற்கரை நடுவில் மாட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் வெளியேற வழியுள்ள ஓரமாக இடம்பிடியுங்கள். பெரியவர்களையும் கைக்குழந்தைகளையும் அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.