கடற்காற்றில் மரக் கைப்பிடி: தூணோடு எது நின்றது, எது நிற்கவில்லை

திருவான்மியூரில் கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் வீடு. மாடியில் தேக்குப் பலகை டெக், அதைச் சுற்றி மரத் தூண்களும் கைப்பிடியும். வீடு கட்டிய காண்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த கைப்பிடி 2016 டிசம்பர் வர்தா புயலில் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் மரத்தில் ஒரு குறையும் இல்லை. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்க்ரூக்களின் தலையும் நுனியும்கூட நன்றாகவே இருந்தன. கைப்பிடியும் தூணும் ஒட்டும் இடத்தில் மட்டும் துரு அரித்து, ஸ்க்ரூ தீக்குச்சி கனத்துக்கு வந்திருந்தது. அந்த இடுக்கில்தான் மழைத்தண்ணீர் தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்க்ரூவைச் சுற்றித் தேக்கில் கருப்புக் கறை தெரிந்தால் உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

2017-இல் புதிதாகப் போட்டபோது எல்லா மூட்டிலும் ஊடுருவும் போல்ட். நாலங்குலத் தூண், இரண்டங்குலக் கைப்பிடிச் சட்டம், பத்து மில்லி போல்ட், இரண்டு பக்கமும் அகல வாஷர். மூட்டுக்கு இரண்டு போல்ட், ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று வராமல் சற்றே விலகி. இரண்டும் மரத்தின் ஒரே ரேகையில் இறங்கினால் அந்த ரேகையோடு மரம் பிளக்கும். சட்டத்தின் முனையிலிருந்து துளை மூன்று அங்குலமாவது தள்ளி இருக்கட்டும்.

இதைவிட முக்கியம் சட்டம் தூணுக்கு எந்தப் பக்கம் என்பது. பல வீடுகளில் அழகுக்காக வெளிப்பக்கம் அடித்திருக்கிறார்கள். ஆள் சாயும்போது தள்ளுகிற பாரமெல்லாம் ஸ்க்ரூவைப் பிடுங்கத்தான் பார்க்கும். உள்பக்கம் வைத்தால் அதே பாரம் சட்டத்தைத் தூண் மேலேயே அழுத்துகிறது. அமெரிக்காவில் வீட்டு டெக் கைப்பிடி எந்த இடத்தில் தள்ளினாலும் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ தாங்க வேண்டும் என்று விதியே உண்டு. கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து சாய்ந்து போட்டோ எடுப்பதை நினைத்துப் பார்த்தால் அது ஒன்றும் அதிகம் இல்லை. தூண்களுக்கு நடுவே சட்டத்தைச் செருகி, நுனிவெட்டுக்குள் ஸ்க்ரூ இறக்குவதை நான் நம்புவதில்லை. ரேகையோடு போகும் ஸ்க்ரூவுக்கு மரத்தில் பிடிப்பு குறைவு.

போல்ட் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருந்தேன். பாரிமுனைக் கடைகளில் 'எஸ்.எஸ்.', அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்று கேட்டால் பெரும்பாலும் 304 என்ற ரகம்தான் தருவார்கள். 316 என்ற ரகத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. போல்ட் தலையைப் பாருங்கள். ஏ2 என்றால் 304, ஏ4 என்றால் 316. மேல் சட்டத்துக்கு 316 வாங்கினேன். கீழ்ச் சட்டத்துக்கு 304 போதும் என்று விட்டதில் இப்போது பழுப்புக் கறை படிந்திருக்கிறது. பலம் குறையவில்லை, பார்க்கத்தான் நன்றாக இல்லை.

முறுக்கும்போது ஆசாரி ஒன்று சொன்னார்: "சார், மெஷின்ல விடாதீங்க, கையில ஸ்பானர் போடுங்க. மரையில கொஞ்சம் கிரீஸ் தடவிக்குங்க." எஸ்.எஸ். நட்டை வேகமாகச் சுழற்றினால் சூட்டில் மரை ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) போட்டால் லூஸ் ஆகாது என்பார்கள். நட் தானாகக் கழலாது, சரிதான். ஆனால் ஐப்பசி மழையில் ஊதிய மரம் கத்திரி வெயிலில் சுருங்கும்போது வாஷருக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. ஒவ்வொரு மே மாதமும் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, தேவையான இடத்தில் கால் சுற்று, அரைச் சுற்று முறுக்குகிறேன். வாஷர் மரத்துக்குள் புதைய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். துளைகளிலும் வெட்டிய முனைகளிலும் போல்ட் ஏற்றும் முன்பே லின்சீட் ஆயில் ஊறவிட்டது நல்ல பலன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை கொட்டித் தீர்த்த பிறகு இரண்டு மூட்டுகளைக் கழற்றிப் பார்த்தேன். மரம் உளுக்கவில்லை.

கடலை விட்டு உள்ளே தள்ளி அண்ணாநகர், அம்பத்தூர் பக்கம் இருப்பவர்கள் 316-க்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 304 வாங்கி, மிச்சக் காசுக்கு வாஷரைப் பெரிதாகப் போடுங்கள்.