ஓதம் ஏறும் பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

அலசூர், சிவாஜிநகர், சிக்பேட்டை என்று பெங்களூரின் பழைய பகுதிகளில் தாத்தா காலத்து வீடு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிடும். இடிக்க மனசில்லை. சுவரோ உதிர்கிறது. எதைப் பூசுவது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுண்ணாம்பில் எழுந்த சுவருக்குச் சுண்ணாம்புதான். கூரையில் மட்டும் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கெம்பே கவுடர் 1537-இல் அமைத்த பேட்டையும், 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் உருவாக்கிய கண்டோன்மெண்டும் சிமெண்ட் இல்லாமலே வளர்ந்தவை. இந்தியாவில் சிமெண்ட் ஆலைகள் வந்ததே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1898 பிளேக்குக்குப் பிறகு பெருகிய பசவனகுடி, மல்லேஸ்வரம் வீடுகளிலும் பழையவை இந்த வகைதான். செங்கல் மிருதுவானது. இடையில் மண் அல்லது சுண்ணாம்புச் சாந்து. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்க அடியில் எதுவும் கிடையாது. சுவர் ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். அந்தக் கணக்கில்தான் அவர்கள் கட்டினார்கள்.

இதன்மேல் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஓதம் ஏறுகிறது என்று தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு நல்ல கெட்டியாகச் சிமெண்ட் பூசியிருப்பார்கள். ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லாததால் அது இன்னும் மேலே ஏறும். சிமெண்ட் முடியும் இடத்துக்குச் சற்று மேலே, தோள் உயரத்தில், சுவர் நீளத்துக்கும் ஒரு கோடு விழுந்திருக்கும். அங்கே பெயிண்ட் கொப்பளித்து நிற்கும். விரலால் அழுத்தினால் வெள்ளை உப்பும் செங்கல் தூளும் கையோடு வரும். ஈரம் காயும்போது அதிலிருக்கும் உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, செங்கலின் முகத்தை உடைத்துத் தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த உப்பு பூச்சைத்தான் கெடுத்திருக்கும். பூச்சை மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் போனால் போனதுதான். அந்தச் சிமெண்டைப் பிறகு கொத்தி எடுக்கப் போனாலும் செங்கலின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் ஈரத்தை அடைப்பதில் சிமெண்டுக்குக் குறைந்ததில்லை. சுண்ணாம்பு பூசிவிட்டு அதன்மேல் இதை அடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இது வீட்டளவுப் பிரச்சினை மட்டுமில்லை. டில்லியில் ஹுமாயூன் கல்லறையை ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து சீரமைத்து 2013-இல் முடித்தபோது, 20-ஆம் நூற்றாண்டில் கூரைமேல் கொட்டிய கான்கிரீட்டில் சுமார் 10 லட்சம் கிலோவை அகற்றவேண்டி வந்தது. அதற்குப் பதிலாகப் போட்டது சுண்ணாம்புக் காரை.

சிமெண்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வரும் கொத்தனாரிடம் சுண்ணாம்பு என்று சொன்னாலே, "சார், சிமெண்ட்னா ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்பார். அவர் சொல்வது உண்மை. சுண்ணாம்பை நீற்றி, பதமாகும்வரை வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். பூசிய பிறகும் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு மாதக்கணக்காகும். குடித்தனக்காரரை வெளியே நிறுத்திவிட்டு அவ்வளவு நாள் காத்திருக்க எல்லோராலும் முடியாது. வேலை தெரிந்த ஆளும் குறைவு, கூலியும் கூடும். புதிதாகக் கட்டும் குளியலறைச் சுவருக்குச் சிமெண்ட் போடுங்கள், தப்பில்லை. பழைய சுவரோடு பிணைக்காமல் தனியாக நிற்கட்டும்.

நடுவழியாக இப்போது மூட்டையில் வரும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு இருக்கிறது. ஈரத்திலும் இறுகும், சில நாட்களில் கெட்டியாகும், கலவை ஒரே சீராக இருக்கும். விலைதான் கடிக்கும். இதில் 2, 3.5, 5 என்று வலிமைத் தரங்கள் உண்டு. 5 மிருதுவான செங்கலுக்கு அதிகம், அதற்குக் கீழே உள்ளதே போதும். மூட்டைமேல் சுண்ணாம்பு என்று போட்டிருந்தாலும் உள்ளே சிமெண்ட் கலந்திருக்கலாம், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். செங்கல் தூளைச் சாதாரணச் சுண்ணாம்பில் கலந்தாலும் ஓரளவு இதே குணம் வரும். நம் முன்னோர் செய்தது அதுதான், செலவும் குறைவு.

அப்புறம் கூரை. இந்தப் பழைய வீடுகளில் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரையில் தேக்குக் கட்டைகளுக்கு மேலே செங்கலைச் சாய்வரிசையாக, விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். கட்டைகள் நன்றாக இருந்தால் இதை இதே முறையில் பழுதுபார்ப்பதே சரி. ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் போட்டால் பழைய மரத்துக்குப் பாரம் ஏறும், உள்ளே போன ஈரம் கட்டையின் முனையை, அது சுவருக்குள் நுழையும் இடத்தில், மெதுவாக அரிக்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. அந்த முனைகளில் பாதிக்கு மேல் மக்கிவிட்டால், நல்ல தேக்குக்குக் காசும் இல்லையென்றால், கூரையை மட்டும் முழுக்கக் கழற்றிவிட்டுக் கட்டுமானப் பொறியாளர் சொல்லும் புதுக்கூரை போடுவதை நான் எதிர்க்க மாட்டேன். சுவராவது மிஞ்சும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூரையும் மழைநீர்க் குழாயும் முதலில். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம், அதற்குள் அது முடியட்டும். சிமெண்டைக் கொத்தியெடுத்த சுவரைச் சில வாரம் சும்மா காயவிட்டு, டிசம்பர் வாக்கில் பூச்சைத் தொடங்கலாம்.