பறக்கிற கிழமா, நிற்கிற கிழமா? புதுச்சேரியிலிருந்து பழைய விமானம் பார்க்கப் போகிறவர்களுக்கு

எனக்கும் கடலூர் முதுநகர் நண்பனுக்கும் இது ஓயாத சண்டை. பழைய விமானத்தைப் பறக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்பது அவன் கட்சி. "நிற்கிறதைப் பார்க்க எதுக்குடா பஸ் ஏறணும்?" என்பான். நானோ நிற்கிற விமானத்தின் ஆள். வயிற்றுக்கடியில் குனிந்து போய்ச் சக்கரக் குழியைப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவனுக்குச் சாதகமான நாள் 2024 அக்டோபர் 6. மெரினாவில் நடந்த விமானப்படைக் காட்சியில் டகோட்டா வந்தது, இரட்டை புரொபெல்லர் வைத்த பழைய போக்குவரத்து விமானம். 1947-இல் ஸ்ரீநகரில் படையினரை இறக்கிய டகோட்டாவின் எண்ணான விபி 905-ஐத் தாங்கிய 'பரசுராமா'. அந்த மெதுவான உறுமலைக் கேட்டதும் எனக்கும் புல்லரித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம்? மெரினா கிழக்கே பார்த்த கடற்கரை. காலை பதினொரு மணிக்கு வெயில் முகத்தில்தான் அடிக்கும். எடுத்த படமெல்லாம் கரிக்கட்டை. போதாக்குறைக்கு அவன் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வைத்திருந்தான். புரொபெல்லர் உறைந்துபோய், என்ஜின் நின்ற விமானம் வானத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது. நூற்றறுபதில் ஒன்று வைத்து, விமானத்தோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பியிருக்க வேண்டும். பத்துக்கு எட்டுப் படம் கலங்கும், அது பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் அந்தக் கரிக்கட்டையும் உதவியது. டகோட்டாவை அடையாளம் காண நிறமே வேண்டாம். இறக்கையின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாயும், பின்விளிம்பு கிட்டத்தட்ட நேர்கோடு. சக்கரத்தை மடக்கிய பிறகும் என்ஜினுக்கு அடியில் டயர் பாதி எட்டிப் பார்க்கும். அவன் படத்தில் அந்தப் பாதி டயர் தெளிவாக விழுந்திருந்தது.

சரி, நிற்கிறவற்றுக்கு வருவோம். விமானம் கட்டும் எச்ஏஎல் நிறுவனத்தின் பெங்களூரு அருங்காட்சியகத்துக்கு திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகப் போய்விடலாம். கண்ணைப் பழக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. முக்கியமாக மாருத். ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைத்து, 1961 ஜூன் 17-இல் முதலில் பறந்த போர் விமானம். மொத்தம் 147 செய்தார்கள். சோவியத் போர் விமானமான மிக்-21-க்கு மூக்கே காற்று வாய், நடுவில் கூம்பு. மாருத்துக்கு வாய் இரு பக்கமும், ஒவ்வொன்றிலும் அரைக்கூம்பு. பின்னால் போனால் மிக்-21-க்கு ஒரு புகைவாய், மாருத்துக்கு ஒட்டினாற்போல் இரண்டு. ஒருமுறை நேரில் சுற்றிவந்து பார்த்துவிட்டால் பிறகு மங்கலான கறுப்பு-வெள்ளைப் படத்தில்கூடக் குழப்பம் வராது. ஓர் எச்சரிக்கை: எந்த அருங்காட்சியகமானாலும் புதுப்பெயின்டை நம்பி விமான எண்ணையும் நிறத்தையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். உடற்கட்டுதான் சாட்சி.

என் ஓட்டு விசாகப்பட்டினத்துக்கு. புதுச்சேரி-ஹௌரா ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. கடற்கரைச் சாலையில் குர்சுரா நீர்மூழ்கிக்கு எதிரே, நீர்மூழ்கிகளைத் தேடிய கடற்படை விமானமான டியூ-142 நிற்கிறது. நீர்மூழ்கி வேட்டைக்காரனுக்கு எதிர்வீட்டில் நீர்மூழ்கி, யார் யோசித்தார்களோ! பல ஆண்டுகள் நம் அரக்கோணத்தில் இருந்த விமானம் இது. இருந்த நாளில் கடற்படைத் தளத்துக்குள் யார் விடுவார்கள்? 2017-இல் ஓய்வு பெற்று ஆந்திராவுக்குப் போன பிறகுதான் கிட்டே போக முடிந்தது.

ஒரு என்ஜினுக்கு எட்டு புரொபெல்லர் அலகு: நான்கு ஒரு பக்கமும், பின்னால் நான்கு எதிர்ப்பக்கமும் சுழலும். ஜெட் விமானம்போல் பின்சாய்ந்த இறக்கையில் புரொபெல்லர், இதைப் பார்த்தாலே போதும், பெயர் சொல்லிவிடலாம். உள்ளேயும் ஏறி நடக்கலாம். நீளம் 53 மீட்டர். அதனால் நான் சுமந்துபோன 300 எம்எம் லென்ஸ் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. விமானம் முழுசாக விழுந்தது போனின் அகலக் கோணத்தில்தான், அதிலும் ஓரமாக ஒரு விளக்குக் கம்பம்.

ஊரைவிட்டு நகர முடியாதவர்களுக்கு லாஸ்பேட்டை விமான நிலையம் இருக்கிறது. கிழ விமானம் வராது, இண்டிகோவின் ஏடிஆர் என்கிற சின்ன புரொபெல்லர் பயணிகள் விமானம்தான். ஆனால் புரொபெல்லர் பழக இலவசப் பாடம். 2017-இல் ஸ்பைஸ்ஜெட் கொண்டுவந்த கியூ400-உம் இதே சாயல்தான். ஏடிஆரின் கால் வயிற்றோரப் புடைப்பிலிருந்து இறங்கும், கியூ400-க்கு என்ஜினுக்கு அடியிலிருந்து கொக்குக் கால். சுற்றுச்சுவருக்கு வெளியே நில்லுங்கள், காவலர் வேண்டாமென்றால் கேமராவை மூடிவிட்டுக் கிளம்புங்கள். படைத்தளங்களின் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

நண்பனைப் போன மாதம் விசாகப்பட்டினத்துக்கு இழுத்துப் போனேன். இரண்டு மணி நேரம் அந்த எட்டு அலகுகளுக்குக் கீழேயே நின்றான். வெளியே வந்ததும் கேட்டான்: "சுத்தினா எப்படிடா இருந்திருக்கும்?"