கோத்தகிரியில் வாங்கிய கசப்புத் தேன்

போன மாதம் கோத்தகிரி போனபோது, பழங்குடி மக்கள் சேகரிக்கும் பொருட்களை விற்கும் ஒரு சின்னக் கடையில் அரைக் கிலோ தேன் வாங்கினேன். 450 ரூபாய். சூப்பர் மார்க்கெட் பாட்டிலோடு ஒப்பிட்டால் விலை கூடுதல்தான். என் மனைவி முதல் ஸ்பூனிலேயே முகத்தைச் சுளித்தாள்: "என்னங்க, கசக்குது?"

கசக்கத்தான் செய்யும். கல்லாவில் இருந்த அக்கா முன்பே சொல்லியிருந்தார்: நாவல் பூக்கும் சமயத்துத் தேன் இப்படித்தான் அடியில் லேசாகக் கசக்கும், தண்ணியாகவும் இருக்கும். இது பெட்டியில் வளர்க்கும் தேனீ தருவதல்ல. பாறை விளிம்பில் கூடு கட்டும் மலைத்தேனீயின் தேன். நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர்கள் காட்டுக்கொடியில் ஏணி முறுக்கி, புகை போட்டு, இருட்டில் இறங்கி எடுக்கிறார்கள். இதையெல்லாம் கேட்ட பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

தேன், கடுக்காய் போன்றவற்றைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே பழங்குடிகளுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் உரிமை இருந்து என்ன, வடிகட்டவும் பாட்டிலில் அடைக்கவும் வசதி இல்லையென்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. அந்த வேலை ஊரிலேயே நடந்தால் கூலியும் அங்கேயே தங்கும்.

குறை ஒன்று: மூடி சரியில்லை. ஊர் வந்து சேர்வதற்குள் பையில் இருந்த சட்டை முழுக்கப் பிசுபிசுப்பு. மிளகும் வாங்கினேன், அது பரவாயில்லை. தேனை இப்போது இஞ்சிச் சாற்றில் கலந்து குடிக்கிறோம். பாட்டில் பாதி காலி.