‘பிளாக்’ என்று விற்கிற தடித்த ஃபான்ட்டை வாங்கும் முன் சின்ன எழுத்தைத் தட்டிப் பாருங்கள்

போஸ்டர், பேனர், அட்டைத் தலைப்பு என்று பெரிய எழுத்தில் வேலை செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆன்லைனில் ஃபான்ட் விற்கிற ஒருவரிடம் காசு கொடுத்து ஒரு தடித்த சான்ஸ் செரிஃப் (கோட்டு முனையில் சிறு வால் இல்லாத எழுத்து) ஆங்கில ஃபான்ட் வாங்கினேன். ரெகுலர், போல்ட், பிளாக் என்று மூன்று எடை (கோட்டின் தடிமன், பிளாக்தான் இருப்பதிலேயே தடித்தது), வணிக வேலைக்கு முழு உரிமை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கையில் வந்தது ஒரே ஒரு ரெகுலர்தான், மற்ற இரண்டும் அதன் வெளிக்கோட்டை மென்பொருளில் ஊதிப் பெருக்கியவை. அந்த ரெகுலரும் இன்னொருவர் வரைந்தது.

விற்பனைப் பக்கத்தில் இருந்த மாதிரிப் படங்கள் எல்லாமே கேப்பிடல் எழுத்து, அதுவும் நாலைந்து எழுத்துச் சொற்கள். இப்போது பார்த்தால் காரணம் புரிகிறது. ‘எச்’ (H), ‘எல்’ (L), ‘டி’ (T) எல்லாம் நேர்க்கோடுகள், எவ்வளவு தடித்தாலும் தாங்கிவிடும். சின்ன எழுத்தில் (லோயர்கேஸில்) ஒரு வரி தட்டியதுமே குட்டு வெளிப்பட்டுவிட்டது. சின்ன ‘இ’ (e) எழுத்தில் மேலே ஒரு மூடிய வெள்ளை, நடுவே ஒரு குறுக்குக்கோடு, அதற்குக் கீழே வலப்பக்கம் ஒரு திறப்பு இருக்கும் இல்லையா, நான் வாங்கிய பிளாக்கில் அந்த மேல் வெள்ளை ஊசிக்கண் அளவுக்குச் சுருங்கிப்போய், கீழ்த் திறப்பு முழுதாக ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன ‘ஏ’, ‘எஸ்’, ‘ஜி’ எல்லாவற்றிலும் இதே கதைதான். கோட்டைத் தடிக்க வைத்தவர்கள் எழுத்தின் அகலத்தைக் கூட்டவே இல்லை, அதனால் ‘ஆர்’ பக்கத்தில் ‘என்’ வந்தால் இரண்டும் உரசுகின்றன. பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் கேப்பிடல் ‘ஆர்’ எழுத்தின் காலும் வயிறும் சேருகிற இடத்தில் சிறு சிறு மேடு தெரிகிறது.

ஒழுங்காக வரைந்த தடித்த எழுத்து இப்படி இருக்காது. எடை கூடக் கூட வரைகிறவர் உள்ளே இருக்கிற வெள்ளையைக் காப்பாற்றத்தான் பாடுபடுவார். குறுக்குக்கோட்டை நெடுங்கோட்டைவிட மெலிதாக வைப்பார், இரண்டு கோடுகள் சேருகிற முனையில் கொஞ்சம் செதுக்கி எடுப்பார், வேண்டிய இடத்தில் எழுத்தையே அகலமாக்குவார். எல்லோருக்கும் தெரிந்த இம்பாக்ட் ஃபான்ட்டையே பாருங்கள், 1965இல் ஸ்டீவன்சன் பிளேக் நிறுவனத்துக்காக ஜெஃப்ரி லீ வரைந்தது. அதிலும் உள் வெள்ளை ஒடுக்கம்தான், ஆனால் எல்லா எழுத்திலும் ஏறக்குறைய ஒரே சீரான கீற்றாக வரும், அதனால்தான் நெருக்கி அடுக்கிய நாலு சொல்லைத் தூரத்திலிருந்து படிக்க முடிகிறது. இந்த வகை எழுத்து செய்ய வேண்டிய வேலையே அதுதான், குறைந்த சொல், பெரிய அளவு. அதே எழுத்தில் ஒரு பத்தி முழுக்க அடித்தால் எவ்வளவு நல்ல ஃபான்ட்டும் கண்ணை உறுத்தும்.

அப்புறம் உரிமை விஷயம், எனக்கு வயிறு எரிந்தது இதில்தான். ஃபைலின் விவரத்தைத் திறந்தால் (விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ், மேக்கில் ஃபான்ட் புக்) காப்புரிமை (காப்பிரைட்) வரியில் மூல வடிவமைப்பாளர் பெயர் அப்படியே இருக்கிறது, எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற குறிப்போடு. அந்த லைசென்ஸ்படி யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், காசு வாங்கிச் செய்கிற வேலையிலும் போடலாம், மாற்றியும் அமைக்கலாம். ஆனால் ஃபான்ட்டைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது, மாற்றிய வடிவத்தையும் அதே லைசென்ஸில்தான் கொடுக்க வேண்டும். ஆக எனக்கு விற்ற ‘முழு உரிமை’ அவர்கள் கையில் இருந்ததே இல்லை. ஒருவர் உட்கார்ந்து வரைந்து எல்லோருக்கும் சும்மா கொடுத்ததை எடுத்து, பெயரை மாற்றி, கெடுத்து, விலை போட்டிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ‘டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை’ என்று ஒரு வரி வந்தது. காப்புரிமை வரியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன், அதோடு பேச்சே இல்லை.

வாங்குவதற்கு முன் நீங்களே தட்டிப் பார்க்க இடம் கொடுக்காத பக்கத்தை விட்டுவிடுங்கள். இடம் இருந்தால் சின்ன ‘இ’, ‘ஏ’, ‘எஸ்’, ‘ஜி’, எண்ணில் 8 இவற்றைத் தட்டுங்கள், ஒரே சொல்லை ரெகுலரிலும் பிளாக்கிலும் ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். இரண்டு வரியும் இம்மி பிசகாமல் ஒரே நீளம் வந்தால் சந்தேகப்படுங்கள். சில நல்ல ஃபான்ட்களில் வேண்டுமென்றே அப்படி அமைத்திருப்பார்கள், ஆனால் அங்கே உள் வெள்ளை அடைபட்டிருக்காது. சோதனை ஃபைல் கேளுங்கள், கொடுத்தால் காப்புரிமை வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அவசரத்துக்கு வேண்டுமென்றால் ஆன்டன், பெபாஸ் நியூ, லீக் காதிக் மூன்றும் திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெபாஸ் நியூவில் சின்ன எழுத்து கிடையாது, எதைத் தட்டினாலும் கேப்பிடல்தான் வரும். ஆன்டனுக்கு ஒரே எடை, அதன்மேல் போல்ட் பட்டனை அழுத்திவிடாதீர்கள், மென்பொருள் தானாக ஊதிவிடும், எனக்கு விற்றவர் செய்த அதே வேலைதான் அது.

மூல வடிவமைப்பாளருக்கு எல்லா ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பிவிட்டேன், பணம் கட்டிய சேவையிலும் புகார் போட்டாயிற்று. இதே மாதிரி வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதையும், வந்த ஃபைலைத் திருத்தாமல் அப்படியேயும் பத்திரமாக வையுங்கள், புகாருக்கு இரண்டையும் கேட்கிறார்கள்.