1919-ஐ நாளுக்கு ஒரு பக்கமாகப் படித்த கதை: இரண்டு சுற்று அனுபவம்

முதல் சுற்று 2019-இல், இரண்டாவது 2025-இல். 1919ஆம் ஆண்டு அமெரிக்க நாளிதழ்களை அந்தந்தத் தேதியிலேயே, காலைக் காபியோடு படிப்பது என் வழக்கம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்ளிங் அமெரிக்கா' காப்பகத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தேதியும் மாநிலமும் கொடுத்தால் பக்கத்தின் படம் வந்துவிடும்.

மறுபடி ஏன் 2025? நாட்காட்டிதான் காரணம். 1919 ஜனவரி 1 புதன்கிழமை, 2025 ஜனவரி 1-ம் புதன்கிழமை. வருடம் முழுக்கக் கிழமை பிசகாது. முதல் சுற்றில் என் விடுமுறை ஞாயிறன்று மெலிந்த திங்கள் இதழ் வந்து உட்காரும். இந்த முறை தடித்த ஞாயிறு இதழுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடைத்தது. சின்ன விஷயம்தான், ஆனால் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்ததற்கு அதுவே பாதிக் காரணம்.

ஆண்டின் முக்கிய நிகழ்வுகள் என்று எங்கே தேடினாலும் பத்து வரிப் பட்டியல் கிடைக்கும். ஜனவரி 6 முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மரணம், ஜனவரி 15 பாஸ்டன் மொலாசஸ் வெள்ளம், ஜனவரி 16 மதுவிலக்குக்கான அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற்றம். அடுத்தடுத்த நாள் செய்தியாக வாசிக்கும்போதுதான் கடைசி இரண்டுக்கும் இருக்கும் உறவு உறைக்கிறது. பாஸ்டனில் உடைந்த 50 அடி உயரத் தொட்டியில் இருந்த 23 லட்சம் கேலன் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, ஆல்கஹால் காய்ச்சுவதற்கான சரக்கு. தெருவில் அது வழிந்தோடிய மறுநாள்தான் நெப்ராஸ்கா 36-வது மாநிலமாக ஒப்புதல் தந்து, மதுவிலக்குத் திருத்தத்துக்குத் தேவையான எண்ணிக்கையை நிறைவு செய்தது. முதல் நாள் பாஸ்டன் தலைப்புச் செய்தியில் இறந்தவர்கள் 11 பேர். முடிவான கணக்கு 21. தொட்டிக்குச் சொந்தக்கார நிறுவனம் 'யாரோ குண்டு வைத்தார்கள்' என்றது. தொட்டியின் கட்டுமானமே பலவீனம் என்ற தீர்ப்பு வர 1925 ஆனது. அந்த வார இதழ்களைப் படிப்பவனுக்கு அதுவரை குண்டும் நம்பத்தக்க காரணம்தான்.

அந்த ஆண்டு குண்டு என்பது வெறும் சாக்கு அல்ல என்பதால் இன்னும் குழப்பம். ஏப்ரல் கடைசியில் ஜார்ஜியாவின் முன்னாள் செனட்டர் ஹார்ட்விக் வீட்டுக்கு வந்த பார்சல் வெடித்து, அதைப் பிரித்த பணிப்பெண்ணின் இரு கைகளும் போயின. நியூயார்க் தபால் ஊழியர் சார்லஸ் கேப்லன் வேலை முடிந்து சுரங்க ரயிலில் வீடு திரும்பும்போது அந்தச் செய்தியைப் படிக்கிறார். பார்சலின் வர்ணனை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது. தபால்தலை போதவில்லை என்று தானே ஒதுக்கிவைத்த 16 பார்சல்கள்! அப்படியே திரும்பி ஓடுகிறார். பதினாறும் குண்டுகள். இரண்டு சுற்றிலும் இந்த இடத்தில் காபி ஆறிப்போனது.

செய்தித்தாளால் நேர்மாறாகவும் நடந்தது. ஜூலையில் வாஷிங்டனில் வெள்ளைச் சிப்பாய்கள் கறுப்பின மக்களைத் தாக்கிக்கொண்டிருந்தபோது, படைவீரர்கள் எல்லோரும் மறுநாள் இரவு 9 மணி வாக்கில் பென்சில்வேனியா அவென்யூவில் கூடுகிறார்கள் என்று இடமும் நேரமும் போட்டுச் செய்தி வெளியிட்டது வாஷிங்டன் போஸ்ட். அழைப்பிதழேதான். ஒரு வாரத்தில் சிகாகோ. ஏரிக்கரையில் 17 வயது யூஜின் வில்லியம்ஸ் கல்லெறிக்கு ஆளாகி நீரில் மூழ்கிய பின் வெடித்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர்: 23 கறுப்பர்கள், 15 வெள்ளையர்கள். இந்த வாரங்களுக்கு மட்டும் ஓர் இதழோடு நிறுத்தாதீர்கள். 'தி பிராட் ஆக்ஸ்' போன்ற சிகாகோ கறுப்பினப் பத்திரிகையையும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பழைய அச்சை இயந்திரம் படித்துத் தருவதை நம்பி வார்த்தை போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். மை பரவியிருக்கும், குறுகிய பத்தியின் ஓரத்தில் சொல் இரண்டாக முறிந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். தேடாதீர்கள், புரட்டுங்கள். கைபேசியும் வேண்டாம், எட்டுப் பத்தி அகலப் பக்கத்தைச் சின்னத் திரையில் இழுத்து இழுத்துக் கண் போய்விடும். இலவசமாகக் கிடைக்காத இதழ்களுக்காகக் கட்டணக் காப்பகம் ஒன்றிலும் சேர்ந்தேன். சந்தாவை நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் அட்டையில் காசு பிடித்தார்கள். பெயர் வேண்டாம், சேருமுன் நிறுத்தும் வழியைப் பார்த்துக்கொண்டு சேருங்கள்.

கோடையில் கொஞ்சம் சலிப்பு தட்டும். ராணுவ லாரி அணி ஒன்று ஜூலை 7 அன்று வாஷிங்டனிலிருந்து கிளம்பி, சேற்றிலும் உடைந்த பாலங்களிலும் தடுமாறி, 62 நாளில் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்கிறது. கூடப் போன லெப்டினன்ட் கர்னல், பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவரை அப்போது யாருக்குத் தெரியும்?

என்னைக் கேட்டால் அக்டோபர்தான் இந்த ஆண்டின் உச்சம். ஏனென்றால் அந்த மாதம் இதழ்களுக்கு எதுவுமே தெரியாது. அக்டோபர் 2 அன்று ஜனாதிபதி வில்சனுக்குப் பக்கவாதம். மருத்துவர் அறிக்கைகளோ நரம்புத் தளர்ச்சி, ஓய்வு என்றே பேசுகின்றன. மனைவி எடித் வாசலிலேயே ஆட்களை வடிகட்டுகிறார். 27ஆம் தேதி, ஜனவரியில் நிறைவேறிய திருத்தத்தை அமல்படுத்தும் மதுவிலக்குச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் வீட்டோ, அதாவது மறுப்பு, மறுநாளுக்குள் இரு அவைகளும் அதை முறியடித்தாகிவிட்டது. இந்தச் சண்டையில் ஒரு தரப்பு படுக்கையில் கிடக்கிறது என்று நமக்குத் தெரியும், அன்றைய வாசகனுக்குத் தெரியாது. அதே மாதம் பேஸ்பால் உலகத் தொடரில் சின்சினாட்டி 5-3 என்று சிகாகோவைச் சாய்க்கிறது. சூதாடிகளிடம் சிகாகோ வீரர்கள் பணம் வாங்கிய விவகாரம் அம்பலமாக அடுத்த செப்டம்பர் வர வேண்டும். முதல் சுற்றில் இந்தப் பக்கங்களை நமுட்டுச் சிரிப்போடு படித்தேன். இரண்டாவது முறை சிரிப்பு வரவில்லை. இன்றைய முன்பக்கத்தில் என்னென்ன தெரியாமல் படித்துக்கொண்டிருக்கிறேனோ என்று நினைப்பு ஓடியது.

டிசம்பர் 31-இல் நிறுத்தலாம் என்றிருந்தேன், முடியவில்லை. பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தை பாஸ்டன் அணி டிசம்பர் 26 அன்றே நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றுவிட்டது. அறிவிப்பு வந்ததோ ஜனவரி 5 அன்று. அதனால் என் 1919, ஜனவரி 6, 1920 காலை இதழோடுதான் முடிந்தது.